கல்மரம், அம்பர், சாளக்கிராமம்: அசலைக் கண்டறிவது எப்படி?

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து புதைபடிவங்கள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றுசேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கே: காரைக்குடியில் பழம்பொருள் கடையொன்றில் முழங்கை நீளத்துக்கு ஒரு கல்மரத் துண்டு விலைக்கு வந்திருக்கிறது. திருவக்கரையில் எடுத்தது, 2 கோடி ஆண்டுப் பழசு என்கிறார்கள். அசல்தானா என்று கடையிலேயே பார்க்க முடியுமா? (வாசகர், காரைக்குடி)

ப: பார்க்க முடியும். ஆனால் திருவக்கரை என்று சொல்வதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விழுப்புரம் மாவட்டத்திலுள்ள அந்தக் கல்மரப் பூங்கா தேசிய புவியியல் நினைவுச் சின்னம். அங்கிருந்து சில்லு கூட எடுத்து வரக் கூடாது. கடைக்காரர் சொல்வது உண்மையானால் அது வாங்கக் கூடாத பொருள். பொய்யானால் வாங்கத் தேவையில்லாத பொருள். பூங்காவுக்கு வெளியே தனியார் நிலத்தில் கிடைத்தது என்றால் எந்த ஊர், யாருடைய நிலம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

இனி கல்லுக்கு வருவோம். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸும் ஒரு டார்ச்சும் போதும். பலரும் பட்டை போன்ற வெளிப்பக்கத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். பார்க்க வேண்டியது மரத்தைக் குறுக்காக அறுத்தால் தெரியும் முகத்தை. அங்கே கொஞ்சம் தண்ணீர் தடவி, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பூக்கும் தாவர மரமாக இருந்தால் ஊசி குத்தினாற்போல் நுண்துளைகள் தெரியும்; மரம் நீரை மேலேற்றிய குழாய்களின் வாய் அவை. துளைகளுக்கிடையே நடுவிலிருந்து வெளிநோக்கி மெல்லிய கதிர்க்கோடுகள் ஓடும். அதே கல்லை நீளவாக்கில் பார்த்தால் அந்தத் துளைகள் நீண்ட கீறல்களாக மாறியிருக்கும். குறுக்கே துளை, நீளத்தில் கீறல் என்று இரண்டு முகமும் ஒத்துப்போனால் மரம்தான். வரிவரியான அகேட்டிலும் மணற்கல்லிலும் எந்தப் பக்கம் திருப்பினாலும் வரிதான் தெரியும், துளை தெரியாது.

ஆண்டு வளையத்தை மட்டும் தேடாதீர்கள். வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாக இருக்காது. வளையம் இல்லையென்று அசல் கல்மரத்தை ஒதுக்குவதும், வளையம் போலச் சாயம் பூசியதை வாங்கிவிடுவதும் இதனால்தான் நடக்கிறது. ஊசியிலை மர வகைகளில் இந்தக் குழாய்த் துளைகளே இருக்காது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரம் அந்த வகையைச் சேர்ந்தது. இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் வெளிக்கொண்டு வந்தது அது. அத்தகைய மரத்தில் துளைகளுக்குப் பதிலாகச் சீரான, மிக நுண்ணிய கண்ணறைகள் வரிசை பிடித்து நிற்கும்.

அடுத்தது கடினம். சிலிக்கா (மணலிலுள்ள கனிமம்) ஏறிய கல்மரம், கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் 7-ஐ ஒட்டி நிற்கும். எஃகுக் கத்தி அதன் மேல் கோடு போடாது. கத்தியின் இரும்புதான் கல்லில் சாம்பல் நிறமாகத் தேய்ந்து ஒட்டும். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு அடிப்பக்கத்தில் இதைச் செய்து பாருங்கள். கத்தி எளிதாக இறங்கினால் சிமெண்டோ, ரெசின் என்ற செயற்கைப் பிசினோதான்.

மூன்றாவது அடர்த்தி. போலியைப் பிடிக்க இதைவிட நம்பகமான வீட்டுச் சோதனை கிடையாது. கல்லை உலர்வாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து டிஜிட்டல் தராசில் வைத்து, தராசைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டி முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள்; அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது. தராசு இப்போது காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, மில்லிலிட்டரில். உலர்ந்த எடையை இதனால் வகுங்கள். 318 கிராம் கல் தண்ணீரில் 122 காட்டினால் 318 ÷ 122 = 2.6. சிலிக்கா ஏறிய கல்மரம் பெரும்பாலும் 2.5-க்கும் 2.65-க்கும் இடையில் வரும். ரெசின் வார்ப்பு 2-ஐத் தொடுவதே அரிது. கல்லிலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தால் ஒரு மணி நேரம் ஊறவிட்டு மறுபடி நிறுங்கள். துளைக்குள் காற்று இருந்தால் கணக்குக் குறைத்துக் காட்டும்.

கே: எங்கள் ஐயா (தாத்தா) கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, பர்மாவுக்குப் போனவர். அவர் கொண்டுவந்த பெட்டகத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு மணிச்சரம் இருக்கிறது. அம்பர் என்று ஆயா (பாட்டி) சொல்வார்கள். ஒரு மணிக்குள் பூச்சி தெரிகிறது. உண்மையான புதைபடிவமா? (வாசகி, தேவகோட்டை)

ப: இருக்க வாய்ப்புண்டு, ஆயா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அம்பர் என்பது பழங்கால மரப்பிசின் இறுகிப் புதைபடிவமானது. வட பர்மாவில் கச்சின் மாநிலத்து ஹூகாங் பள்ளத்தாக்கில் கிடைக்கும் அம்பர் சுமார் 9.9 கோடி ஆண்டுப் பழமையானது. டைனோசர் காலத்துப் பூச்சிகள் அதற்குள் அப்படியே இருக்கின்றன. அதே சமயம், 1920-களிலிருந்து பேக்கலைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் மணிகள் அம்பர் என்ற பெயரில் ஏராளமாக விலைபோயின. ஒரே சரத்தில் அசலும் போலியும் கலந்திருப்பதும் உண்டு. ஆகவே ஒரு மணியைப் பார்த்துவிட்டுச் சரம் முழுவதுக்கும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சோதனைகளைச் சேதமில்லாததிலிருந்து தொடங்குங்கள். இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். பர்மா அம்பர் நல்ல நீலமாக ஒளிரும். பேக்கலைட் அநேகமாக மங்கிக் கிடக்கும். விலை குறைந்த 395 நானோமீட்டர் டார்ச்சில் ஊதா வெளிச்சமே கூடுதலாகத் தெரிவதால் ஒளிர்வைப் பிரித்தறிவது கடினம்.

பிறகு உப்புநீர். 250 மில்லி தண்ணீரில் 50 கிராம் உப்பை முழுக்கக் கரையுங்கள். அடர்த்தி 1.12 அளவுக்கு வரும். அம்பரின் அடர்த்தி 1.05 முதல் 1.10 வரை என்பதால் மிதக்கும். பேக்கலைட், கண்ணாடி, பெரும்பாலான வார்ப்பு ரெசின்கள் எல்லாம் அமிழ்ந்துவிடும். மணியைக் கோர்த்தபடியே போடாதீர்கள். தங்கக் கம்பியும் நூலும் கணக்கைக் கெடுக்கும், பழைய நூல் உப்பில் இற்றும் போகும். சோதனை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள்.

மிதந்துவிட்டது என்பதால் அம்பர் என்று முடிவு கட்டவும் கூடாது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும் மிதக்கும். சில ஆயிரம் ஆண்டுகளே ஆகி இன்னும் முழுதாக இறுகாத பிசினான கோபாலும் மிதக்கும். இவற்றைப் பிரிக்க, துளை வாய்க்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு அசிட்டோன். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் எண்ணெய் கலந்திருக்கும். மருந்தகத்திலோ ஆய்வகப் பொருள் கடையிலோ கலப்பில்லாத அசிட்டோனாக வாங்குங்கள். அரை நிமிடம் விட்டு விரலால் தொட்டால் கோபால் பிசுபிசுக்கும், பாலிஸ்டைரீன் இளகிக் குழையும், அம்பருக்கு ஒன்றும் ஆகாது.

சூடான ஊசி வைத்து முகர்ந்து பார்ப்பது கடைசி வழி. அம்பரானால் குங்கிலியம் புகைந்த வாசனை வரும். பேக்கலைட்டானால் பினாயில் நெடி அடிக்கும். ஊசி பட்ட இடத்தில் வடு நிற்கும். பூச்சி இருக்கும் மணியில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

பூச்சியைத் தனியாக லென்ஸில் பாருங்கள். பிசினில் சிக்கிய பூச்சி தப்பிக்கத் திமிறியிருக்கும். கால்கள் ஒழுங்கில்லாமல் முறுகியிருக்கும், ஒரு இறகு மடிந்திருக்கும், சுற்றிலும் பிசின் வழிந்த வரிகளும் தூசியும் நுண்குமிழிகளும் இருக்கும். அளவும் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். இறகை அழகாக விரித்து, மணியின் நட்டநடுவே, 2 சென்டிமீட்டர் நீளத்தில் பூச்சி படுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். அசல் அம்பரைக் குடைந்து, இக்காலப் பூச்சியை வைத்து, ரெசினால் அடைத்த மணிகளும் சந்தையில் உண்டு. குடைந்த விளிம்பு பக்கவாட்டு ஒளியில் மயிரிழைக் கோடாகத் தெரியும். புற ஊதா ஒளியில் அடைத்த பகுதி மட்டும் வேறு நிறத்தில் நிற்கும்.

உங்கள் ஐயா எந்த ஆண்டில், எந்த ஊர்க் கடையிலிருந்து அனுப்பினார் என்பதற்குப் பேரேடு, கடிதம் ஏதாவது வீட்டில் இருந்தால் அதன் படத்தையும் மணியோடு சேர்த்து வையுங்கள். புதிதாக யாராவது பர்மா அம்பர் விற்க வந்தால் வாங்காதீர்கள். கச்சினில் சுரங்கங்களைச் சுற்றி ஆயுதச் சண்டை நடந்துவருகிறது. அந்தப் பணம் போய்ச் சேரும் இடம் நல்ல இடமல்ல.

கே: வீட்டை இடிக்காமல் பழுது பார்க்கும்போது, வளவின் (முற்றத்தைச் சுற்றிய கட்டின்) சுவர் உட்பூச்சில் சின்னச் சின்னச் சிப்பித் துண்டுகள் தெரிகின்றன. புதைபடிவம் என்று வேலைக்கு வந்தவர் சொன்னார். (வாசகி, பள்ளத்தூர்)

ப: இல்லை. கடற்கரையிலிருந்து வந்த கிளிஞ்சலைச் சுட்டுத்தான் அந்தச் சுண்ணாம்பு செய்தார்கள். சூளையில் சரியாக வேகாத துண்டுகள் அரைபடாமல் பூச்சில் தங்கிவிடும். அவை வெள்ளையாக, லேசாக, நகத்தால் உரசினால் மாவாக உதிரும். பாறைக்குள் இறுகிய சிப்பி அப்படி உதிராது. உட்பூச்சைச் சுரண்டி எடுக்காமல் அப்படியே காப்பாற்றுங்கள்; அது வேறு வகையில் அருமையானது.

கே: கண்மாய்க் கரையில் மண் எடுத்தபோது வெள்ளை வெள்ளையாகக் குழல்களும் முடிச்சுகளும் கிடைத்தன. விலங்கின் எலும்பு போலவே இருக்கின்றன. இரண்டு மூன்றை எடுத்து வைத்திருக்கிறேன். (வாசகர், புதுவயல்)

ப: நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பவை சுக்கான் கற்கள். மண்ணில் இறங்கும் நீர் சுண்ணாம்பைக் கொண்டுவந்து செடி வேரைச் சுற்றிப் படியவைக்கும். வேர் மக்கிப்போனதும் குழல் மட்டும் மிஞ்சும். எலும்பென்று நினைத்து அதிகம் பேர் எடுத்துவரும் பொருள் இதுதான்.

ஒன்றை உடைத்து உடைந்த முகத்தைப் பாருங்கள். சுக்கான் கல்லில் நடுவில் ஒரு துளையோ கருங்கோடோ இருக்கும், அதைச் சுற்றி வளையம் வளையமாகச் சுண்ணாம்பு, இடையிடையே மணல் துகள். எலும்பில் வெளிப்புறம் நெருக்கமான திடமான ஓடும், உள்ளே தேன்கூடு போன்ற வலையும் தெரியும். அந்த வலை எங்கும் சீராக இருக்காது, மூட்டை நெருங்க நெருங்க அடர்த்தியாகும். மணலை வைத்துச் செய்யும் எந்தக் கல்லும் இதை நடிக்காது. சுரண்டிய தூளில் வினிகர் விட்டால் சுக்கான் கல் பொங்கும். ஆனால் சுண்ணாம்பு ஊறிய எலும்பும் கொஞ்சம் பொங்கும் என்பதால் அமிலத்தை மட்டும் நம்பாதீர்கள். நாக்கில் ஒட்டினால் எலும்பு என்ற பழைய வழியையும் விடுங்கள், களிமண்ணும் ஒட்டும்.

செம்பூரான் கல்லில் தெரியும் குழல் துளைகளைப் பற்றியும் பலர் கேட்டிருந்தார்கள். இரும்புச் சத்து நிறைந்த மண் காலப்போக்கில் இறுகும்போது உண்டாகும் துளைகள் அவை. எலும்பும் இல்லை, புழு வளையும் இல்லை.

கே: சிவகங்கைப் பக்கம் எடுத்த தகட்டுக்கல்லில் கறுப்பாகப் பெரணி இலை போலப் பதிந்திருக்கிறது. இலைப் படிவமா? (மாணவர், கோட்டையூர்)

ப: சிவகங்கையில் இலைப் படிவம் உண்டு என்பதால் கேள்வி நியாயமானதே. அங்குள்ள மேல் கோண்ட்வானா என்ற பழம்பாறைத் தொகுதியின் களிப்பாறைகளில் டிலோஃபில்லம் போன்ற தாவர இலைகள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் கறுப்புப் பெரணி உருவம் பெரும்பாலும் மாங்கனீசு ஆக்சைடு பாறை வெடிப்பில் ஊர்ந்து படிந்தது. அது கிளை பிரியும் விதத்துக்கு ஒழுங்கு இருக்காது, நடுநரம்பு இருக்காது, தொடங்கும் இடம் எப்போதும் ஒரு வெடிப்பு விளிம்பாகவே இருக்கும். டிலோஃபில்லம் இலையில் நடுவே ஒரு தண்டு, இருபுறமும் ஒரே சாய்வில் நெருங்கிய சிற்றிலைகள், ஒவ்வொன்றிலும் இணையான நரம்புகள். படிவம் பாறையின் படிவுத் தளத்தில் படுத்திருக்கும், குறுக்கு வெடிப்பில் ஏறாது. கிடைத்தது இலையென்றால் தகட்டின் எதிர்ப்பாதியையும் எடுத்து வையுங்கள். அச்சும் அதன் மறுபதிவும் சேர்ந்தால்தான் முழுமை.

கே: பூஜையில் இருக்கும் சாளக்கிராமம் அசலா என்று, அதற்குக் குறைவு வராமல் அறிய வழி உண்டா? (வாசகர், கானாடுகாத்தான்)

ப: உண்டு. அமிலம், கத்தி, ஊசி எதுவும் வேண்டாம். நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம், ஜுராசிக் காலக் கருங்களிப்பாறையில், அம்மோனைட் என்ற அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரைச் சுற்றி இறுகிய உருண்டை. அபிஷேகம் காண்கிற கல்தானே, மேலே சொன்ன தண்ணீர்த் தராசு முறைக்குத் தடையில்லை. 2.5-க்குக் கீழே வந்தால் சந்தேகம் கொள்ளலாம். சக்கரத்தை, அதாவது அந்தச் சுருள் ஓட்டின் பதிவை, லென்ஸில் பாருங்கள். அசலில் வரிகள் நடுவை நோக்கிப் படிப்படியாகச் சிறுத்து நெருங்கும், ஆற்றில் உருண்டதால் மேடுகள் தேய்ந்தும் பள்ளங்கள் கூர்மையாகவும் இருக்கும். செதுக்கியதில் எல்லா வரியும் ஒரே ஆழம், பள்ளத்துக்குள் கருவி ஓடிய இணைகோடு. வார்த்ததில் குமிழிக் குழிகளும் சுற்றிவர ஓர் அச்சுக்கோடும் தெரியும். வாய் திறக்காத சாளக்கிராமத்தில் சக்கரம் வெளியே தெரியாது. அதனால் அது போலியாகிவிடாது.

கே: அரியலூர்ப் பக்கம் குழுவாகப் போகிறோம். எதை எடுக்கலாம், எப்படிக் குறித்து வைப்பது? இணையத்தில் விலைக்கு வரும் டிரைலோபைட் வாங்கலாமா? (கல்லூரி மாணவி, திருப்பத்தூர்)

ப: டிரைலோபைட்டை, அதாவது அழிந்துபோன கணுக்காலிக் கடலுயிரின் படிவத்தை, முதலில் முடித்துவிடுவோம். தமிழ்நாட்டில் அது கிடைக்காது. இந்தியாவில் ஸ்பிதி, காஷ்மீர் போன்ற இமயமலைப் பகுதிகளில்தான். விற்பனைக்கு வருபவை அநேகமாக மொராக்கோவிலிருந்து வருகின்றன, அவற்றில் ரெசின் வார்ப்புகள் நிறைய. உடலும் அடிக்கல்லும் ஒரே நிறம், ஒரே மினுக்கம் என்றால், லென்ஸில் உருண்டைக் குமிழிகள் தெரிந்தால், கல்லில் விரிசல் உடலின் குறுக்கே ஓடாமல் உடலைச் சுற்றியே போனால், வேண்டாம். பாதி அசலும் பாதி பூச்சும் கலந்ததற்குப் புற ஊதா டார்ச் உதவும்.

அரியலூர், பெரம்பலூர்ப் பாறைகள் கிரிட்டேசியஸ் காலக் (டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி) கடல் படிவுகள். 1860-களிலேயே ஸ்டோலிச்கா, பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர்கள் விரிவாக ஆராய்ந்த இடம். அங்குள்ள காரை என்ற ஊரின் ஓடைகளில் பெலெம்னைட் (கணவாய் போன்ற, அழிந்துபோன கடலுயிரின் உள் ஓடு) கிடைக்கும். பென்சில் முனை போல இருக்கும், உடைந்த முகத்தில் நடுவிலிருந்து கதிர் கதிராகச் சுண்ணாம்பு ஊசிகள் பரவியிருக்கும். அதே ஓடையில் மின்னும் ஜிப்சத் தகடுகளும் பாஸ்பேட் உருண்டைகளும் கிடக்கும், அவற்றை முட்டை என்றோ பல் என்றோ எடுத்துவர வேண்டாம். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த பெரிய உருண்டைகளை டைனோசர் முட்டை என்று ஊரே பேசியது. பார்த்த புவியியலாளர்கள் அம்மோனைட்டைச் சுற்றி வண்டல் இறுகியவை என்றார்கள். முட்டையென்றால் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள தனி ஓடும், ஓட்டில் நுண்துளைகளும் இருந்தாக வேண்டும்.

அம்மோனைட்டா, அதன் உறவான நாட்டிலஸா என்ற சந்தேகத்துக்கு, மேல் ஓடு உரிந்த இடத்தில் அறைச்சுவர் கோட்டைப் பாருங்கள். நாட்டிலஸில் எளிய வளைவு. அம்மோனைட்டில் அது இலை விளிம்பு போல நெளிந்து மடிந்து ஓடும். செதுக்கிய போலியில் இந்தக் கோடு ஒருபோதும் சரியாக வராது.

சாத்தனூரில் எதையும் தொடாதீர்கள், அதுவும் தேசிய நினைவுச் சின்னம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் நிர்வாக அனுமதியும் தலைக்கவசமும் இல்லாமல் நுழையக் கூடாது. வயலென்றால் நிலத்துக்காரரைக் கேளுங்கள். உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடுங்கள். எலும்போ பல்லோ பாறைக்குள் தெரிந்தால் தோண்டாமல் படமும் இடக்குறிப்பும் எடுத்துப் புவியியல் துறைக்குச் சொல்லுங்கள்.

குறிப்புத்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஊர் தெரியாத புதைபடிவம் அலமாரிக்குத்தான் ஆகும், ஆய்வுக்கு ஆகாது. இமயமலையில் கிடைத்ததாகப் பல ஆண்டுகள் வெளியான கட்டுரைகளில் இருந்த படிவங்கள் மொராக்கோ போன்ற தொலைநாடுகளிலிருந்து வந்தவை என்று 1989-ல் ஆஸ்திரேலியப் புதைபடிவ ஆய்வாளர் ஜான் டேலன்ட் 'நேச்சர்' இதழில் எழுதினார். படிவங்கள் அசல்தான், சொன்ன இடம்தான் பொய். அந்தக் கட்டுரைகளை நம்பி இமயமலை பற்றி எழுதியதைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

எடுத்த இடத்திலேயே, எடுத்த நிமிடத்திலேயே எழுதுங்கள். வண்டியில் ஏறியபின் எழுதினால் எது எந்த ஓடையில் கிடைத்தது என்று கலந்துவிடும். கிடந்த நிலையிலேயே ஸ்கேல் வைத்து ஒரு படம். கைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை. ஊர், பாறையின் நிறமும் வகையும், பாறைக்குள் இருந்ததா உதிர்ந்து கிடந்ததா, தேதி, எடுத்தவர் பெயர். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, சீட்டை உள்ளேயே வையுங்கள். வீட்டில் தண்ணீரும் மென்மையான பல்துலக்கியும் போதும். களிமண் ஒட்டிய சிப்பியை வினிகரில் போட்டால் சிப்பியும் சேர்ந்து கரையும். உடைந்ததை உடனடிப் பசையால் ஒட்டாதீர்கள், பின்னால் பிரிக்கப் பாடுபட வேண்டும். அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின்தான் அருங்காட்சியகங்கள் பயன்படுத்துவது. வேண்டும்போது அசிட்டோனிலேயே கரைத்துப் பிரித்துவிடலாம். அடிப்பக்கம் சிறிதாக வெள்ளை அக்ரிலிக் பூசி, காய்ந்ததும் கறுப்பு மையால் எண் எழுதி, அதே எண்ணை நோட்டிலும் ஏற்றுங்கள்.

கே: இவ்வளவும் பார்த்தபிறகும் தெளிவில்லை என்றால் யாரிடம் காட்டுவது? (மேற்படி மாணவி)

ப: புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் உங்களுக்குப் பக்கம், அங்குள்ள புவியியல் பொருள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரியலூர்ப் பொருளென்றால் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம். கல்லைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் படம் அனுப்புங்கள்: நிழலில் எடுத்தது, ஆறு பக்கமும், ஒவ்வொன்றிலும் ஸ்கேலோடு, உடைந்த முகம் இருந்தால் அதை நெருக்கத்தில் ஒன்று, கூடவே அடர்த்திக் கணக்கும் கிடைத்த இடமும். எண்ணெய் தடவியோ வார்னிஷ் அடித்தோ பளபளப்பாக்கிய கல்லின் படத்தை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.